பின்னால் வரும் எட்டுச் சில்லுகள்

திருகோணமலை நகரை விட்டுக் கந்தளாய் வீதியில் சீனக்குடாவை நோக்கிப் போகிறவருக்கு அவசரம் உதவாது. முன்னால் ஒரு ட்ரெய்லர் போகும். அதற்கு முன்னால் இன்னொன்று. பிறீமா ஆலையின் கோதுமை மாவு, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையின் மூட்டைகள், எண்ணெய்த் தாங்கிகளின் பக்கமிருந்து வரும் பவுசர்கள், அஷ்ரப் இறங்குதுறையில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கு எல்லாம் இந்த வீதிக்குத்தான் வந்து சேர்கின்றன. இங்கிருந்து ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிக் கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். அந்தத் தூரம் முழுவதும் வீதியோரப் புல்லில் ஒரு பொருளை அடிக்கடி காணலாம்: முழ நீளத்திலும் ஆள் நீளத்திலும் பிய்ந்து கிடக்கும் கறுப்பு ரப்பர்ப் பட்டைகள். ட்ரெய்லர் டயர்களின் மிச்சம்.

கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ‘ரோடு சரியில்லை’ என்பது ஒன்று. ‘டாக் போட்ட டயர், அப்படித்தான் போகும்’ என்பது மற்றது. இரண்டும் எவ்வளவு உண்மை என்று பார்க்க, டயர் சாகும் இடங்களுக்கே போனேன்.

கழித்த டயர்க் குவியல்

பாலையூற்றுப் பக்கம் வீதியோரமாக ஒரு டயர் கடை. தகரக் கூரை, ஒரு கொம்பிரசர், இரண்டு ஜாக், நீளமான இரும்பு லீவர்கள். கடைக்குப் பின்னால் கழித்த டயர்கள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கடைக்கார பாஸுக்கு அறுபது வயது இருக்கும். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“டயரைப் பாத்தா வண்டி எப்படி ஓடியிருக்கு எண்டு சொல்லலாம் தம்பி. வாங்க, காட்டுறன்.”

முதலில் அவர் புரட்டிப்போட்ட டயரில் இரண்டு ஓரங்களும் மொட்டையாகி, நடுவில் மட்டும் கோடுகள் மீதி இருந்தன. காற்றுக் குறைவாக ஓடிய டயர் இது. காற்றுக் குறைந்தால் டயர் நடுவில் தளர்ந்து ஓரங்களில் நிற்கும். அடுத்ததில் நடுப்பகுதி தேய்ந்து ஓரங்கள் புதிதாக இருந்தன. அளவுக்கு மேல் காற்று அடித்தது. மூன்றாவதில் ஒரு ஓரம் மட்டும் கம்பி தெரியும்வரை தேய்ந்திருந்தது. பாரம் ஏறி ஏறி வளைந்த அச்சின் வேலை. நான்காவதைக் கையால் தடவச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கியது, மறுபக்கமாகத் தடவினால் அரம்போல் கையைப் பிடித்தது. அச்சு நேராக இல்லாமல் டயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் இழுபட்டால் ரப்பர் இப்படி வாள்பல்லாகத் தேயும். இன்னொன்றில் உள்ளங்கை அளவு ஓர் இடம் மட்டும் தட்டையாக இருந்தது. பிரேக் இறுகிச் சில்லு சுற்றாமல் தரையில் உரசிய தடம்.

ஆனால் குவியலில் பெரும்பாலானவை தேய்ந்து முடிந்தவையே அல்ல. கோடுகள் பாதிக்கு மேல் மீதி இருந்தன. பக்கச்சுவர் கிழிந்தோ, மேல்தோல் கழன்றோ, உள்ளே பொடியாகியோ வந்தவை. தேய்ந்த டயர் தன் ஆயுளை வாழ்ந்து முடித்தது. இவை இடையில் போனவை. உரிமையாளரின் காசைத் தின்பது இந்த இரண்டாவது வகைதான்.

பாஸ் ஒரு டயருக்குள் கையை விட்டு ஒரு பிடி கறுப்புத் தூளை அள்ளிக் காட்டினார். “உள்ள ஓடி ஓடி அரைஞ்சது. இது வெடிச்ச அண்டைக்குச் செத்ததில்ல. ஒரு கிழமைக்கு முன்னமே செத்திட்டு. டிரைவருக்குத்தான் தெரியாது.”

ஏன் டிரைவருக்குத் தெரியாது?

பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம். உண்மையில் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. டயரின் வேலை அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருப்பது. காற்றுக் குறைந்ததும் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடிந்து நிமிர்கிறது. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடேறி முறிவதுபோல, டயருக்குள் இருக்கும் உருக்கு நூல்களும் சூடேறிக் களைக்கின்றன. ரப்பருக்கும் நூலுக்கும் உள்ள பிணைப்பு அந்தச் சூட்டில் தளர்கிறது. பிறகு ஒருநாள் மேல்தோல் முழுப் பட்டையாகக் கழன்று புல்லில் விழுகிறது.

இதே குறை ட்ரெய்லரை இழுக்கும் பிரைம் மூவரின் முன் டயரில் வந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். டிரைவரின் கை உடனே அறியும். ட்ரெய்லர் டயருக்கு ஸ்டியரிங்கும் இல்லை, இஞ்சினும் இல்லை. பின்னால் பன்னிரண்டு மீற்றர் தள்ளி, பாரத்துக்குக் கீழே, பேசாமல் உருண்டு வருகிறது. அதிலும் இரட்டைச் சில்லில் உள் டயரின் காற்று இறங்கினால் வெளி டயர் இரண்டு பேரின் பாரத்தையும் சுமந்துகொண்டு ஓடும். கண்ணாடியில் பார்க்கிறவருக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

சீனக்குடாவில் ட்ரெய்லர்கள் நிற்கும் ஒரு திடலுக்குப் போனபோது இதை நேரில் கண்டேன். அச்சு இரண்டு, சில்லு எட்டு. மூதூர்க்கார டிரைவர் ஒருவர் புறப்படுமுன் ஓர் இரும்புக் கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார். ‘டண்’ என்றால் சரி, ‘தொப்’ என்றால் காற்றில்லை. பல தலைமுறைப் பழக்கம். எல்லாமே ‘டண்’ என்றன. நான் கொண்டுபோயிருந்த கேஜை வாங்கி அவரே வைத்துப் பார்த்தார். வெளி டயர் 102 பிஎஸ்ஐ. அதன் உள் டயர் 71.

“அட, சத்தம் சரியாத்தானே இருந்திச்சு?” என்றார்.

கம்பித் தட்டு முற்றாகக் காற்று இறங்கிய டயரைத்தான் காட்டிக் கொடுக்கும். முப்பது பிஎஸ்ஐ குறைவு அதற்குக் கேட்காது. டயர்த் தொழிலில் உலகமெங்கும் ஒரு விதி உண்டு: விதித்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு காற்றுக் குறைந்த நிலையில் ஓடிய லொறி டயரைக் காற்றில்லாமல் ஓடியதாகவே கருத வேண்டும், கழற்றி உள்ளே பார்க்காமல் மீண்டும் காற்று அடிக்கக்கூடாது. களைத்த உருக்கு நூல்கள் காற்று ஏறும்போது வரிசையாக அறுந்து, பக்கச்சுவர் ஒரே கோட்டில் பிளந்து வெடிக்கும். பக்கத்தில் குனிந்திருப்பவர் உயிர் பிழைப்பது அரிது. வளையம் பூட்டிய பழைய ரிம்களில் அந்த வளையமே பறந்து ஆளை அடிக்கும். அமெரிக்காவில் இத்தகைய டயரை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்பது சட்டம். நான் பார்த்த வீதியோரக் கடைகளில் கூண்டு இல்லை. டயருக்கு மேல் ஒரு லீவரைக் குறுக்கே வைத்துவிட்டு அடிக்கிறார்கள்.

அந்த மூதூர்க்காரரிடம் உள் டயருக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். “நானா, இண்டைக்கு எனக்கு இந்த ட்ரெய்லர். நாளைக்கு வேற ஆளுக்கு. பிரைம் மூவர்தான் எண்ட கையில” என்றார். ட்ரெய்லர் கழற்றி மாட்டப்படுகிற பொருள். ஒரு டிரைவர் கொண்டுவந்து விடுகிறார், இன்னொருவர் இழுத்துப் போகிறார். பிரைம் மூவரின் டயருக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். ட்ரெய்லர் டயருக்கு முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே இடம் இருக்கிறது. டயர் சாவதற்கு நான் கண்ட காரணங்களில் பெரியது இதுதான். மற்றவை எல்லாம் இதற்குள் அடங்கும்.

கச்சானும் காபெற்றும்

ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையில் கச்சான் காற்று வீசும். தென்மேற்கிலிருந்து மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி இந்தக் கரைக்கு வரும் காற்று. பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும். கறுத்த தார் வீதி அதைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். 100 பிஎஸ்ஐ உள்ள டயர் பத்துப் பாகை சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய நான்கு பிஎஸ்ஐ கூடும். இது இயல்பு, டயர் அதற்கேற்பவே செய்யப்பட்டிருக்கிறது. சிலர் கந்தளாயில் தேநீருக்கு நிறுத்தும்போது சூட்டைக் கண்டு பயந்து காற்றைத் திறந்து விடுகிறார்கள். இரவு டயர் ஆறியதும் அழுத்தம் விதித்த அளவுக்குக் கீழே போய்விடும். மறுநாள் அது முன்னிலும் அதிகமாகச் சூடாகும். காற்றை அளக்க வேண்டியது விடியலில், வண்டி அசையுமுன்.

ரோடு சரியில்லை என்ற பழைய பதில் இப்போது திசை மாறிவிட்டது. போர்க்காலத்தில் இந்த மாவட்டத்தின் வீதிகள் குழியும் கல்லுமாக இருந்தன. டயர்கள் வெட்டுப்பட்டுச் செத்தன. போருக்குப் பின் வீதிகள் காபெற் ஆகின. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தபின், மிதவைப் பாதையில் வண்டியை ஏற்றிக் காத்திருந்த காலமும் போயிற்று. இப்போது நிற்காமல் ஓடலாம். நிற்காமல் ஓடினால் டயருக்கு ஆறுவதற்கு நேரமில்லை. கல் கொன்ற டயரைச் சூடு கொல்லத் தொடங்கிவிட்டது.

அதன்மேல் பாரம். 50 கிலோ சீமெந்து மூட்டை நாற்பதைக் கூடுதலாக ஏற்றினால் இரண்டு தொன். அதில் அறுபது வீதம் ட்ரெய்லர் அச்சுகளில் விழுந்தால் ஒவ்வொரு டயருக்கும் 150 கிலோ அதிகம். எட்டும் ஒரே அளவு காற்றோடு இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஒன்றில் காற்று இல்லையென்றால் அதன் பங்கும் பக்கத்து டயருக்குத்தான். இணையாகப் போட்ட இரண்டு டயர்களின் விட்டம் ஆறு மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டாலும் இதே கதை: பெரியது பாரத்தைச் சுமக்கும், சிறியது அதே அச்சில் சுற்றியாக வேண்டியிருப்பதால் தரையில் இழுபட்டுத் தேயும். புதிய டயரையும் பாதி தேய்ந்ததையும் சோடி சேர்ப்பது காசை மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்துக் கெடுப்பதில் முடியும்.

திடலுக்குள் இன்னொரு காட்சி. ஒரு பிரைம் மூவர் ஒடுங்கிய வாசலில் முழுப் பாரத்தோடு சதுரமாகத் திரும்பியது. முன் சில்லுகள் வழியைத் தேடின. ட்ரெய்லரின் இரண்டு அச்சுகளுக்கும் திரும்பத் தெரியாது. இரண்டும் நேராகவே நிற்கின்றன. ஆகவே டயர்கள் கிறீச்சிட்டுக்கொண்டு பக்கவாட்டில் இழுபட்டன, பக்கச்சுவர்கள் முறுகின, கொங்கிறீற்றில் கறுப்பு வளைவு விழுந்தது. மூன்று அச்சு உள்ள ட்ரெய்லரில் முதல் அச்சும் கடைசி அச்சும் இதைவிட மோசமாக இழுபடும். இதைத் தடுக்க முடியாது. அகலமாகத் திரும்பினால், ஒரு தடவை பின்னெடுத்து வந்தால், குறைக்கலாம்.

அந்தத் திடலில் டயரோடு சேர்த்து நான் தொட்டுப் பார்த்தது சில்லின் நடுப்பகுதியான ஹப்பை. சற்றுமுன் வந்து நின்ற ஒரு ட்ரெய்லரில் ஏழு சில்லுகள் வெதுவெதுப்பு. எட்டாவதில் கைவைக்க முடியவில்லை. பிரேக் முழுவதும் விடுபடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தச் சூடு ரிம் வழியாக டயரின் விளிம்புக்கு ஏறி ரப்பரை வேகவைக்கும். டயரை மாற்றினாலும் புதியதும் அப்படியே போகும். மாற்ற வேண்டியது டயரை அல்ல, பிரேக்கை.

உப்பும் வயதும்

உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் வேறு ஒரு சாவு. இங்கே படகு ஏற்றும் சிறிய ட்ரெய்லர்கள். புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களைக் கொண்டுபோகும் படகுகள் சித்திரை, வைகாசியில் இறங்கும். ஐப்பசிக்குப் பின் வாடை தொடங்கினால் மேலே ஏறிவிடும். ட்ரெய்லர் ஒரு வருடத்தில் ஓடும் தூரம் மிகக் குறைவு. டயரில் கோடுகள் புதிது மாதிரியே இருக்கும். ஆனால் பக்கச்சுவரை விரலால் வளைத்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் தெரியும்.

வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை உலர்த்துகின்றன. ஓடும் டயரில் ரப்பருக்குள் கலந்துள்ள பாதுகாப்பு மெழுகு மேலே கசிந்து வந்துகொண்டிருக்கும். ஒரே இடத்தில் நிற்கும் டயருக்கு அந்தக் காப்பும் இல்லை. உப்பு நீர் ரிம்மைத் துருவாக்க, டயர் உட்காரும் விளிம்பில் செதில் எழும்பிக் காற்றுக் கசியும். கரைக்கு இறக்கும்போது ஹப் சூடாக இருந்தால், குளிர்ந்த கடல்நீர் பட்டதும் உள்ளே உறிஞ்சப்படும். கிறீஸ் கெடும், பெயாரிங் ஆடும், சில்லு தள்ளாடும், டயர் திட்டுத்திட்டாகத் தேயும். ஒரு படகுக்காரர் டயர் கூடாது என்று மூன்றாவது தடவையாக மாற்றிக்கொண்டிருந்தார். சில்லைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன்; பெயாரிங்கில் சத்தம் கேட்டது.

டயரின் வயதை அதன் பக்கச்சுவரே சொல்லும். அதில் பொறித்த குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் ஆண்டு: 3517 என்றால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. 2012இல் இங்கிலாந்தில் ஒரு சுற்றுலாப் பேருந்தின் முன் டயர் வெடித்து மூவர் இறந்தனர். அந்த டயருக்கு வயது 19. கோடுகள் சட்டப்படி போதுமான அளவு இருந்தன. அதன்பின் நடந்த நீண்ட இயக்கத்தின் பயனாக, 2021 முதல் பிரித்தானியாவில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயரை லொறி, பேருந்துகளின் முன் அச்சில் போட முடியாது.

கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் உழவு இயந்திரப் பெட்டிகளில் இந்த இலக்கங்களைத் தேடிப் பார்த்தேன். பலவற்றில் தேய்ந்து அழிந்துவிட்டன. லொறியில் கழித்தது பெட்டிக்கு வருகிறது. பெட்டியில் கழித்தது வரம்போரம் கிடக்கிறது. அசல் விவசாய டயர்கள் பல மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்துக்கே விதிக்கப்பட்டவை. நெல் ஏற்றிய பெட்டி காபெற் வீதியில் அதைத் தாண்டி ஓடும்போது சூட்டுக் கணக்கு இங்கேயும் தொடங்குகிறது.

டாக் டயர் குற்றவாளியா?

தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி வேகவைத்து எடுப்பதைத்தான் இங்கே டாக் போடுதல் என்கிறார்கள். வீதியோரப் பட்டைகள் எல்லாம் அதிலிருந்து கழன்றவை என்பது பொது நம்பிக்கை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழகம் 2008இல் முடித்த ஓர் ஆய்வு, வீதியில் கிடந்த டயர்த் துண்டுகளைப் பொறுக்கி ஆராய்ந்தது. புதிய டயர்களும் டாக் டயர்களும், பாவனையில் இருக்கும் அளவுக்கு ஏற்பவே அவற்றிலும் இருந்தன. காரணங்களில் முன்னுக்கு வந்தவை வீதியில் குத்தியவையும் அளவுமீறிய சூடும்.

நல்ல உடல் உள்ள டயருக்கு நல்ல இடத்தில் டாக் போட்டால் அது ஓடும். உலகின் விமானங்களே அப்படிப்பட்ட டயரில் இறங்குகின்றன. காற்றில்லாமல் ஓடி உள்ளே அரைந்த டயருக்கு மேலே புதுத்தோல் போட்டால் அது ஏமாற்று. இங்கு டாக்கைத் தவிர்க்கச் சொல்வதும் எளிதல்ல. 2020இல் டொலர் தட்டுப்பாட்டால் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது டயரும் அதில் அகப்பட்டது. 2022 நெருக்கடியில் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. கம்பி தெரியும்வரை ஓட்டும் பழக்கம் அப்போது இன்னும் இறுகியது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. லொறி டயரில் இன்றும் இயற்கை ரப்பர் அதிகம் சேர்ப்பது, அது செயற்கை ரப்பரைவிடக் குறைவாகச் சூடேறுவதால். அந்த ரப்பர்க் கன்றுகள் ஆசியாவில் முதலில் வேரூன்றிய இடங்களில் ஒன்று இலங்கையின் ஹெனரத்கொடை, 1876இல். 1942இல் மலாயாவை ஜப்பான் பிடித்தபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய ரப்பர் நாடு இலங்கைதான். அந்த வருடம் ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் திருகோணமலைத் துறைமுகத்தையே குண்டுவீசித் தாக்கின. ரப்பருக்குப் பெயர்போன நாட்டில், அதே துறைமுகத்து வாசலில், ரப்பரை வீணடித்துக்கொண்டிருக்கிறோம்.

செத்த டயரும் சும்மா கிடப்பதில்லை. மழை நீர் தேங்கினால் நுளம்புக்கு அது தொட்டில். 2017இல் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைப் பறித்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

செய்ய வேண்டியவை செலவு பிடிக்காதவை. ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் ஒரு பொறுப்பாளியின் பெயரை எழுதி வையுங்கள். யார் இழுத்தாலும் அவர் கேட்கப்படட்டும். விடியலில் எட்டு டயருக்கும் கேஜ் வையுங்கள், உள் டயருக்கு நீள வால்வு பூட்டுங்கள். நிறுத்தும் இடமெல்லாம் ஹப்புக்குக் கிட்டவாகக் கைநீட்டிச் சூடு பாருங்கள். அளவுக்கு மேல் ஏற்றச் சொல்லும் முதலாளி, அந்த நாற்பது மூட்டையின் கூலியையும் ஒரு டயரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். டயர் கடைக்காரர்கள் கூடி ஒரு கூண்டையாவது செய்துவைக்க வேண்டும்.

காரிலும் மோட்டார் சைக்கிளிலும் பின்னால் போகிறவர்களுக்கும் ஒன்று. ட்ரெய்லரை ஒட்டிப் போகாதீர்கள். கழன்று பறக்கும் பட்டை ஆளைக் கொல்லும். சில்லில் புகையோ தட்டையான டயரோ கண்டால் முந்திப் போய்க் கைகாட்டி நிறுத்திச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்காது.